மூலிகைக் குடிநீரில் சத்து இறங்கும் விதம்

மூலிகைக் குடிநீர் காய்ச்சுவது, செடியின் செல்களுக்குள் அடைபட்டிருக்கும் பொருள்களை நீருக்குள் இறக்கும் வேலை. இலையோ பூவோ, பட்டையோ வேரோ, அதில் உள்ளதெல்லாம் நீருக்கு வந்துவிடுவதில்லை. சில பொருள்கள் ஆறிய நீரிலேயே இறங்கும். சில கொதித்தால்தான் அசையும். வேறு சில, கொதிக்கத் தொடங்கியதுமே ஆவியோடு போய்விடும். எந்தப் பொருள் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் எவ்வளவு நீர், எவ்வளவு தீ, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதிலிருந்து தாமாகப் பிறக்கும். கைப்பக்குவம் என்று தொழிலில் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த முடிவுதான். எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி கொதிக்க வைப்பவர் பாதிச் சத்தைச் சக்கையோடு கொட்டுகிறார். மீதியில் ஒரு பங்கைக் காற்றில் விடுகிறார்.

நீரில் இறங்குவதும் இறங்காததும்

மூலிகைகளில் உள்ள பயன்தரும் பொருள்களை, நீரோடு அவற்றுக்கு உள்ள உறவைக் கொண்டு மூன்று வகையாகப் பார்க்கலாம். முதல் வகை நீரில் நன்றாகக் கரைபவை. வெந்தயத்தின் கொழகொழப்பு, கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின், பூக்களில் சர்க்கரையோடு பிணைந்திருக்கும் ஃபிளேவனாய்டுகள், நுரை தரும் சபோனின்கள் எல்லாம் இதில் சேரும். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற சபோனின். அது சாதாரணச் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பானது, வெந்நீரில் எளிதாக இறங்கும். அதிமதுரக் குடிநீரைச் சிறு புட்டியில் ஊற்றிக் குலுக்கினால் மேலே நிற்கும் நுரை, அது இறங்கியிருப்பதைக் காட்டிவிடும்.

இரண்டாம் வகை மணப்பொருள்கள். துளசியின் யூஜினால், கற்பூரவள்ளியின் கார்வக்ரால், ஓமத்தின் தைமால் ஆகியவை நீரில் மிகக் குறைவாகவே கரையும். யூஜினாலின் கொதிநிலை 250 பாகை செல்சியஸுக்கும் மேலே. அப்படியிருந்தும் நீராவி அதைச் சுமந்துகொண்டு 100 பாகைக்குள்ளேயே வெளியேறிவிடும். துளசி கொதிக்கும்போது வீடெங்கும் மணப்பது இதனால்தான். வீடு மணக்கும் அளவுக்குப் பாத்திரத்தில் மணம் குறைந்துகொண்டே போகிறது.

மூன்றாம் வகை நீரோடு ஒட்டாதவை. மஞ்சளின் குர்குமின், மிளகின் பைபரின், பட்டைகளின் பிசின் ஆகியவை இதில் அடங்கும். மஞ்சளை எவ்வளவு நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் நிறம் தெரியுமே தவிர, குர்குமினின் பெரும்பகுதி அடியில் தங்கும் பொடியிலேயே இருக்கும். பாலில் மஞ்சளும் மிளகும் சேர்த்துக் காய்ச்சும் வழக்கத்தில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. பாலின் கொழுப்பும் கேசின் என்ற புரதமும் குர்குமினைப் பிடித்துக்கொள்கின்றன. மிளகும் சும்மா இருப்பதில்லை. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் குர்குமின் பல மடங்கு கூடுகிறது என்று பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டனர்.

நிலவேம்பு இந்தப் பிரிவுகளுக்கு நடுவில் நிற்கிறது. அதன் கசப்புக்கு முதன்மைக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு, ஆறிய நீரில் சரியாகக் கரையாது. சாராயத்தில் நன்றாகக் கரையும். நீண்ட நேரம் காய்ச்சினால் நீரிலும் ஓரளவு இறங்கும். நிலவேம்பைக் குடிநீராகவே குடிக்கும் வழக்கத்தில் காய்ச்சும் நேரம் இவ்வளவு முக்கியமாவதற்கு இதுவே காரணம்.

பறிப்பும் உலர்த்தலும்

அடுப்பில் ஏறுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். செடியில் சத்து ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நிலவேம்பின் இலைகளில் ஆண்ட்ரோகிராஃபோலைடு மிகுந்திருப்பது பூக்கத் தொடங்கும் பருவத்தில். காய் முற்றியபின் அறுத்த சரக்கு எடையில் நின்றாலும் கசப்பில் குறையும். மண இலைகளைப் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுவதற்குள் பறிப்பது நல்லது. ஆவாரம்பூ போன்ற பூக்களை மலர்ந்த அன்றே எடுக்க வேண்டும்.

பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. அதற்குள் இருக்கும் நொதிகள் தொடர்ந்து வேலை செய்யும். நசுங்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் பாலிபீனால்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுப்பாகும். அதனால் இலையைக் கசக்காமல், குவிக்காமல், மெல்லிய படலமாகப் பரப்பி நிழலில் உலர்த்துகிறார்கள். நேர் வெயிலில் நிறமும் மணமும் சேர்ந்தே போகும். இயந்திர உலர்த்தியில் மண இலைகளுக்கு 40 பாகையை ஒட்டிய சூடு போதும். காம்பை ஒடித்தால் வளையாமல் ‘பட்’ என்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

உலர்த்துவதால் எப்போதும் சத்து குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், உலரும்போதும் சூடுபடும்போதும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது. ஷோகால் ஜிஞ்சராலைவிட உறைப்பானது. சுக்கு மல்லிக் காப்பியின் காரம் இஞ்சித் தேநீரின் காரத்திலிருந்து வேறுபடுவது இதனால்தான். இரண்டும் தனித்தனிச் சரக்குகள். ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் போட்டால் குடிநீரும் மாறும்.

சுத்தியும் இடிப்பும்

சித்த மருத்துவம் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சுத்தி முறை வைத்திருக்கிறது. சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும். கடுக்காயின் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் எடுக்க வேண்டும். நன்னாரி வேரின் நடுநரம்பை உருவிவிட வேண்டும். நன்னாரி விஷயத்தில் இந்த விதியின் பொருளைக் கையில் வைத்தே பார்க்கலாம். வேரை ஒடித்தால் வெளியே பழுப்பான பட்டையும், உள்ளே வெளிறிய மரத்தண்டும் தனித்தனியாகத் தெரியும். பட்டையை நகத்தால் கீறி மோந்தால் வனிலாவைப் போன்ற இனிய மணம் வரும். நடுத்தண்டில் அது இல்லை என்றே சொல்லலாம். மணத்துக்குக் காரணமான பொருள், வனிலாவில் உள்ள வனிலினுக்கு உள்ள அதே அணுக்களை வேறு வரிசையில் கொண்டது. அது தங்கியிருப்பது பட்டையில். நடுநரம்போடு இடித்த வேர் எடையைக் கூட்டும், மணத்தைக் கூட்டாது.

அடுத்தது இடிப்பு. துண்டு சிறுத்தால் நீர் உள்ளே புகும் தொலைவு குறையும், சத்து விரைவாக வெளியே வரும். ஆனால் மாவாக அரைத்துவிடக் கூடாது. ஃபில்டர் காப்பிக்குப் பொடியை நைசாக அரைத்தால் டிகாக்‌ஷன் இறங்காமல் அடைத்துக்கொள்வது போல, மாவான மூலிகையும் வடிதுணியை அடைக்கும். கிழங்குகளாக இருந்தால் மாவுச்சத்து வெந்து கூழாகி, நீரைத் தன்னிடமே பிடித்துவைக்கும். ‘ஒன்றிரண்டாக இடி’ என்று மருந்து நூல்கள் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவிலான பதம். வேரும் பட்டையும் உரலில் ஒன்றிரண்டாக நொறுங்க வேண்டும். இலையைக் கையால் நொறுக்கினால் போதும். பூவை முழுதாகவே போடலாம்.

இடித்த சரக்கில் மணம் நிற்காது. முழு ஏலக்காய் பல மாதம் மணக்கும். பொடித்தது சில வாரத்தில் மங்கிவிடும். தேவைக்கு மட்டும் இடிப்பது சிக்கனமும் கூட.

நீரும் பாத்திரமும்

காய்ச்சும் நீர் எல்லா ஊரிலும் ஒன்று போல இருப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுதி. அவை பாலிபீனால்களோடு சேர்ந்து மேலே மெல்லிய ஆடையாகப் படியும். அதோடு நீரின் காரத்தன்மையும் நிறத்தை மாற்றும். இதைச் சங்குப்பூவில் தெளிவாகக் காணலாம். நான்கைந்து உலர்ந்த பூவை ஒரு கண்ணாடிக் குவளை வெந்நீரில் போட்டால் சில நிமிடத்தில் நீர் ஆழ்ந்த நீலமாகும். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்ததும் விழுந்த இடத்திலிருந்து ஊதா பரவும். இன்னும் பிழிந்தால் சிவந்த ஊதாவாகும். ஆந்தோசயனின் என்ற நிறமி, நீரின் அமிலத்தன்மைக்கு ஏற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத மற்றப் பொருள்களிலும் நீரின் தன்மை இப்படி வேலை செய்யும். ஆடாதோடை இலையின் வாசிசின் போன்ற ஆல்கலாய்டுகள், நீர் சற்றுப் புளிப்பாக இருந்தால் உப்பாக மாறி எளிதில் இறங்கும். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து, இந்த வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டதுதான்.

பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். கடுக்காயும் நெல்லிக்காயும் இரும்புச் சட்டியில் ஏறினால் குடிநீர் மைபோலக் கறுத்துவிடும். டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. பழங்காலத்தில் எழுதும் மை செய்ததும் இதே சேர்க்கையால்தான். புளிப்பும் துவர்ப்பும் உள்ள சரக்குகளுக்கு ஈயம் பூசாத செம்பும் அலுமினியமும் ஆகாது. மண் சட்டி, நல்ல எவர்சில்வர், கண்ணாடி ஆகிய மூன்றும் சரக்கோடு சேராமல் ஒதுங்கி நிற்கும்.

ஊறல், சுடுநீர், கொதிநீர், தீநீர்

நீரில் சத்தை இறக்க மரபில் நான்கு தெளிவான வழிகள் உண்டு. முதலாவது ஆறிய நீரில் ஊறல். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடுவது இதற்கு எளிய உதாரணம். மென்மையான மணமும் கொழகொழப்பும் வேண்டும், துவர்ப்பு வேண்டாம் என்றால் இதுவே ஏற்றது. ஒரு பங்கு சரக்குக்கு ஆறு பங்கு ஆறிய நீர் விட்டு இரவு முழுவதும் ஊறவைக்கச் சொல்கிறது சார்ங்கதர சம்ஹிதை. நீர் கொதிக்காததால் கிருமிகள் சாவதில்லை. எனவே ஊறலுக்குச் சுத்தமான நீரும் நன்கு அலசிய சரக்கும் கட்டாயம்.

இரண்டாவது சுடுநீரில் போட்டு மூடிவைப்பது. கொதித்த நீரை இறக்கி, துளசி, கற்பூரவள்ளி, ஆவாரம்பூ, செம்பருத்தி போன்றவற்றைப் போட்டுத் தட்டு போட்டு மூடி, பத்து நிமிடத்துக்குள் வடித்துவிட வேண்டும். மூடி இங்கே அலங்காரமில்லை. மேலெழும் ஆவி அதில் பட்டுக் குளிர்ந்து, மணத்தோடு திரும்பச் சொட்டும். சற்று நேரம் கழித்து மூடியைத் திருப்பி, அதில் நிற்கும் துளியை மோந்தால் இழக்க இருந்தது எவ்வளவு என்பது தெரியும். நன்னாரிக்கும் இந்த வழிதான். சர்பத் செய்பவர்கள் நசுக்கிய வேரைச் சுடுநீரில் மூடி ஊறவைத்து, வடித்த நீரில்தான் பாகு சேர்ப்பார்கள்.

மூன்றாவது காய்ச்சி வற்றவைக்கும் குடிநீர். வேர், பட்டை, கிழங்கு, நிலவேம்பு போன்றவற்றுக்கு இது உரியது. மென்மையான சரக்குக்கு நான்கு மடங்கு, நடுத்தரமானதற்கு எட்டு மடங்கு, கடினமானதற்குப் பதினாறு மடங்கு நீர் வைத்து நாலொன்றாக வற்றவைப்பது ஆயுர்வேதத்தின் பொது விதி. எட்டொன்றாகக் காய்ச்சுவதும் உண்டு. வீட்டில் 5 கிராம் குடிநீர்ச் சூரணத்துக்கு 240 மில்லி நீர் விட்டு 60 மில்லியாக வற்றவைக்கலாம்.

இதில் அடிக்கடி நேரும் பிழை தீயில்தான். பெருந்தீயில் நீர் சீக்கிரம் வற்றி 60 மில்லியைத் தொட்டுவிடும். ஆனால் வேர்த்துண்டின் நடுப்பகுதி அதற்குள் நனைந்துகூட இருக்காது. அளவு சரியாக இருக்கும், சத்து இருக்காது. வற்றும் வேகம், சத்து இறங்கும் வேகத்தை முந்திவிடக் கூடாது. சித்தர் மரபு தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று படிப்படியாகப் பிரித்திருப்பதன் அருமை இந்த இடத்தில் விளங்கும். கடினமான வேரை முன்னிரவே அதே நீரில் ஊறவைத்து, மறுநாள் சிறுதீயில் ஏற்றுவது இன்னும் நல்லது.

நான்காவது தீநீர். வாலை என்ற வடிகலத்தில் சரக்கையும் நீரையும் ஏற்றி, எழும் ஆவியைக் குளிரவைத்துத் துளித்துளியாகப் பிடிப்பது. குழந்தைகளுக்கு வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் ஓமத்தீநீர் இப்படி இறக்கியதே. மண எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலக்காதவை. இரண்டின் ஆவியழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் இரண்டும் சேர்ந்தே ஆவியாகும். காய்ச்சும்போது இழப்பாக இருந்தது இங்கே விளைச்சலாகிறது. காய்ச்சிய குடிநீரில் வரும் துவர்ப்பும் கசப்பும் இதில் வராது, ஏனென்றால் அவை ஆவியாவதில்லை.

சூட்டைத் தேர்ந்தெடுப்பதன் முக்கியத்துக்கு மருந்தியல் வரலாற்றில் பெரிய சான்று சீனாவிலிருந்து வருகிறது. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூவின் குழுவுக்குச் சிங்ஹாவ் என்ற மூலிகையில் ஒரு தடவை பலன் கிடைத்தது, அடுத்த தடவை கிடைக்கவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் எழுதிய மருத்துவ நூல், அந்தச் செடியைக் காய்ச்சச் சொல்லாமல், நீரில் நனைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததை அவர் கவனித்தார். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, சுமார் 35 பாகையிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சத்தை இறக்கினார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு விலங்குச் சோதனையில் முழுப் பலன் தந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டெமிசினினுக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி அதேதான், இறக்கிய விதம் மாறியதும் மருந்து கிடைத்தது.

பல சரக்குச் சேர்ந்த குடிநீர்

தனி மூலிகைக்கு வழி தேர்வது எளிது. கலவையில்தான் திறமை தேவை. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. கபசுரக் குடிநீரில் பதினைந்து. 2020இல் தமிழகமெங்கும் வீடு வீடாகப் போன அந்தப் பொடியில் கடுக்காய்த்தோலும் ஆடாதோடை இலையும் இலவங்கமும் சீந்தில் தண்டும் ஒரே பையில் இருந்தன. தண்டு கேட்கும் நேரத்தை இலவங்கத்தின் மணம் தாங்காது.

கைதேர்ந்தவர்கள் இதைப் படிப்படியாகக் கையாள்வார்கள். வேரும் தண்டும் பட்டையும் முதலில் ஏறும். நீர் பாதியாக வற்றியபின் இலைகள் சேரும். மணச்சரக்குகள் இறக்கும் தறுவாயில் விழும், உடனே மூடி போடப்படும். எல்லாம் கலந்து வரும் சூரணத்தில் இப்படிப் பிரிக்க வழியில்லை. அப்போது சிறுதீயும், பாதி மூடிய பாத்திரமும், இறக்கியபின் முழுதாக மூடிவைக்கும் ஐந்து நிமிடமும் இழப்பைக் குறைக்கும்.

வடிப்பும் ஆயுளும்

சக்கை குடித்துக்கொள்ளும் நீர் கவனிக்கப்படாத இழப்பு. ஊறிய சரக்கு ஒரு லிட்டர் நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம். நான்கு லிட்டரை ஒரே தடவையாக ஊற்றி மூன்று லிட்டர் வடித்தால், இறங்கிய சத்தில் கால் பங்கு சக்கையிலேயே நிற்கும். அதே நான்கு லிட்டரை முதலில் இரண்டரை, பிறகு ஒன்றரை என்று பிரித்து இரண்டு தடவை காய்ச்சினால், வடிவது அதே மூன்று லிட்டர்தான். சக்கையில் நிற்பதோ 16 விழுக்காடு. செலவில்லாமல் கிடைக்கும் இந்த ஆதாயத்துக்காகவே பெரிய அளவில் செய்பவர்கள் இரண்டு, மூன்று தடவை இறக்கிச் சேர்க்கிறார்கள். வடித்தபின் துணியை முறுக்கிப் பிழிவதும் இதே கணக்கில் சேரும்.

குடிநீரின் ஆயுளைச் சித்த மருத்துவம் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. சர்க்கரையும் புரதமும் கலந்த வெதுவெதுப்பான நீரில் கிருமிகள் விரைவாகப் பெருகும். பாலிபீனால்களும் காற்றுப் பட்டு மாறத் தொடங்கும். காலையில் காய்ச்சியதை இரவுக்கு வைத்துக் குடிக்கக் கூடாது என்ற விதி, இன்றைய நுண்ணுயிரியலோடு அப்படியே பொருந்துகிறது.

நீருக்கு அப்பால்

நீரில் இறங்காதவற்றைத் தொழிற்சாலைகள் வேறு கரைப்பான்களால் எடுக்கின்றன. நீரும் எத்தனாலும் கலந்த கரைசல் இரு தரப்பையும் ஓரளவு இழுக்கும். 31 பாகைக்கும் சுமார் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் கரியமில வாயு, வாயுவின் ஊடுருவலும் திரவத்தின் கரைதிறனும் கொண்ட நிலையை அடையும். அழுத்தத்தை விட்டதும் எச்சமின்றிப் பறந்துவிடும். மணச்சத்துகளுக்கு அது ஏற்றது. உடனே கரையும் மூலிகைத் தேநீர்ப் பொடிகள் பெரும்பாலும் அடர்த்தியாக்கிய குடிநீரைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தியவை. பொடி ஒட்டாமலிருக்க மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் சேர்ப்பார்கள். அதன் பங்கு எவ்வளவு என்று உறையில் பார்த்து வாங்குவது வாங்குபவரின் உரிமை.

சோதனை

இறங்கியது எவ்வளவு என்று அறிய எளிய வழி உண்டு. 5 கிராம் பொடியை 100 மில்லி நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, முதல் ஆறு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, வடித்த நீரில் 25 மில்லியை 105 பாகையில் உலர்த்தி எடை போடுகிறார்கள். தட்டில் ஒட்டியிருக்கும் எடை, நீரில் கரையும் சத்தின் அளவைச் சொல்லும். அதே பொடியை எத்தனாலிலும் ஊறவைத்து இரண்டையும் ஒப்பிட்டால், அந்தச் சரக்குக்கு நீர் உகந்ததா சாராயம் உகந்ததா என்பது தெளிவாகும். ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் வரும் கருநீலமோ கரும்பச்சையோ டானினைக் காட்டும். எந்தப் பொருள் என்று உறுதிப்படுத்த, சிலிக்கா பூசிய தகட்டில் சொட்டு வைத்து ஏற்றி, புறஊதா ஒளியில் கோடுகளை ஒப்பிடுவார்கள். அனுபவசாலியின் நாக்கும் மூக்கும் இவற்றுக்கு முன்னோடிகள். இன்றும் முதல் சோதனை அவற்றில்தான் நடக்கிறது.

அளவும் எச்சரிக்கையும்

சத்தை நன்றாக இறக்கத் தெரிந்தவருக்குப் பொறுப்பும் கூடுதல். அதிமதுரத்தை நாள்பட மிகுதியாகக் குடித்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். துவர்ப்பு மிகுந்த குடிநீரை உணவோடு குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். நிலவேம்பு கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வேறு மருந்து சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே குடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது சரக்கை அடையாளம் காண்பது. நன்னாரிக்குப் பதில், ஏறக்குறைய அதே மணம் தரும் மாகாளிக்கிழங்கு வேர் விற்கப்படுவது ஏமாற்று, உயிருக்கு ஆபத்தில்லை. எல்லா மாற்றுச் சரக்கும் அப்படி இருக்காது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மருந்துகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி சேர்ந்துவிட்டது. அதைச் சாப்பிட்ட பல பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது. காரணமான அரிஸ்டோலோக்கிக் அமிலத்தைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான். எனவே சரக்கு வந்த இடம், பறித்த மாதம், செடியின் பாகம், தாவரவியல் பெயர் ஆகிய நான்கும் மூட்டையின் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த மூட்டை அடுப்புக்குப் போகக் கூடாது.